பள்ளிக்கூடத்துச் சாப்பாடு: யாருக்கு, எவ்வளவு, எங்கே தவறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை எந்த நாடும் மறுப்பதில்லை. யாருக்குப் போடுவது, யார் காசில் போடுவது, யார் கையால் சமைப்பது என்று வரும்போதுதான் சண்டை. பெற்றோர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவினர் பலமுறை கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

பள்ளியில் சாப்பாடு போடுவது ஏழை நாடுகளின் வேலைதானே? வளர்ந்த நாட்டில் எதற்கு?

வளர்ந்த நாடுகள்தான் இதை முதலில் சட்டமாக்கின. பிரிட்டனில் 1906, பின்லாந்தில் 1943, அமெரிக்காவில் 1946, ஜப்பானில் 1954. காரணம் கருணை மட்டுமில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதியில் தேறாததைக் கண்டு பிரிட்டன் பதறியது. அமெரிக்காவிலும் படைக்கு ஆள் எடுத்தபோது அதே கவலை. கூடவே விற்காமல் தேங்கிய விளைபொருளை எங்கே தள்ளுவது என்ற சிக்கல். இரண்டையும் ஒரே தட்டில் தீர்த்தார்கள். போரில் தோற்ற ஜப்பான் பஞ்சத்தில் கிடந்தபோது, பள்ளிக்கு வந்த பால்பவுடரும் ரொட்டியும் பிள்ளைகளைத் தாங்கின.

இன்று உலகம் முழுக்க சுமார் 46.6 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு வேளையாவது சாப்பிடுகிறார்கள் என்பது உலக உணவுத் திட்டம் 2024க்குத் தரும் கணக்கு. கொடுமை என்னவென்றால், தேவை அதிகமுள்ள மிக ஏழை நாடுகளில்தான் இந்தச் சாப்பாடு எட்டும் பிள்ளைகளின் பங்கு மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் இது காமராஜர் தொடங்கியதா, எம்.ஜி.ஆர். தொடங்கியதா?

இருவருக்கும் முன்பே வித்து விழுந்துவிட்டது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் உணவு தரத் தீர்மானித்தது. காமராஜர் 1956ல் அதை மாநிலத் திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டமாக விரித்து, அதற்கென மையம், அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று நிலையான அமைப்பைக் கொடுத்தார். 1984ல் அது 15 வயது வரை நீண்டது. 1989ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. 2013ல் ஜெயலலிதா ஆட்சியில் வெறும் சாதம், சாம்பாருக்குப் பதில் கலவை சாதம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். எந்தக் கட்சி வந்தாலும் முந்தியவர் போட்டதைக் குறைக்கத் துணியாத திட்டம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்றால் பெரிய மிகையில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் செலவு மிச்சம்தானே?

காகிதத்தில் மிச்சம்தான். நடைமுறையில் மூன்று இடத்தில் ஒழுகும்.

முதல் ஓட்டை, கோடு. இங்கிலாந்தில் மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து இலவச மதிய உணவுக்கு, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவி வாங்கும் குடும்பத்தின் ஆண்டுச் சம்பளம், வரி போக, 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2018ல் வரம்பு வைத்தார்கள். 7,399 சம்பாதிக்கும் தாயின் மூன்று பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம். ஒரு ஷிப்டு கூடுதலாகப் போய் 7,450 சம்பாதித்தால் மூவருக்கும் காசு கட்ட வேண்டும். கூடுதலாக வந்த 51 பவுண்டு மூவரின் இரண்டு வாரச் சாப்பாட்டுக்குக்கூட முழுதாகக் காணாது. உழைத்ததற்குத் தண்டனை. அந்த வருமான வரம்பை 2026 செப்டம்பரிலிருந்து நீக்கி, அந்த உதவி வாங்கும் எல்லாக் குடும்பத்துக்கும் தருவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது.

இரண்டாவது, விண்ணப்பம். படிவம் நிரப்பத் தெரியாதவர், மொழி தெரியாதவர், அரசு அலுவலகம் என்றாலே அஞ்சும் குடியேறிகள் தகுதி இருந்தும் வெளியே நிற்பார்கள். சோதிக்கவும் ஆள், கணினி, தபால் செலவு.

மூன்றாவது, கூச்சம். வேறு வரிசை, வேறு நிறச் சீட்டு, வேறு மேசை என்று எதுவாக இருந்தாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நெற்றியில் ஒட்டிய சீட்டு. பசியோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பல பிள்ளைகள் முடிவெடுப்பது இந்த வயதில்தான்.

இந்தியாவில் அரசுப் பள்ளிச் சமையலறை வாசலில் வருமானச் சான்று கேட்பதில்லை. அது பெருந்தன்மை மட்டுமில்லை. கேட்டு, சரிபார்த்து, விலக்கி வைக்கும் வேலை சோறு போடுவதைவிடக் கடினம். வசதியுள்ளவர் தனியார் பள்ளிக்குப் போய்விடுவதால் வடிகட்டல் தானாகவே நடந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆக இங்கே சாப்பாடு எல்லோருக்கும் பொது, பள்ளிக்கூடம்தான் பொது இல்லை. பின்லாந்தில் இரண்டும் பொது.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் 'சாப்பாட்டுக் கடன்' இருக்கிறதாமே, அது என்ன?

அங்கே மூன்று அடுக்கு. குடும்ப வருமானம் அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம். 130 முதல் 185 வரை என்றால் மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட். அதற்கு மேல் முழு விலை. நால்வர் குடும்பத்துக்கு 2024–25 பள்ளி ஆண்டில் இந்த வரம்புகள் 40,560 டாலர், 57,720 டாலர். 58,000 டாலர் வாங்கும் குடும்பம் பெருநகர விலைவாசியில் ஒன்றும் கொழித்துக் கிடப்பதில்லை. பிள்ளையின் கணக்கில் காசு தீர்ந்ததும் கடன் ஏறும். கடன் ஏறிய பிள்ளையிடமிருந்து சூடான தட்டை வாங்கிக்கொண்டு ஆறிய சீஸ் ரொட்டியைத் தருவது, கையில் முத்திரை குத்துவது எல்லாம் நடந்தது. 2014ல் யூட்டா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் சுமார் 40 பிள்ளைகளின் தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார்கள். ஒருமுறை பரிமாறிய உணவை இன்னொருவருக்குத் தரக்கூடாது என்பது விதி; அதனால் பிள்ளையும் சாப்பிடவில்லை, காசும் மிஞ்சவில்லை. இந்த அவமானப்படுத்தலைத் தடுக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் நியூ மெக்சிகோ, 2017ல்.

ஏழைகள் நிறைந்த பள்ளிகள் படிவமே வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகப் போட ஒரு வழி உண்டு. உணவு உதவி போன்றவை பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். 2023 வரை இது 40 ஆக இருந்தது. ஆனால் கணக்கில் ஒரு கொக்கி உண்டு. 1,000 பிள்ளைகளில் 400 பேர் அப்படிப்பட்டவர்கள் என்றால், அதை 1.6ஆல் பெருக்கி 640 பேர் சாப்பாட்டுக்குத்தான் மத்திய அரசு முழு இலவச விகிதத்தில் பணம் தரும். மீதி 360க்கு மிகச் சொற்பத் தொகை. பள்ளி மாவட்டம் கைக்காசு போட வேண்டும். பங்கு 62.5 சதவீதம் ஆனால்தான் முழுத் தொகையும் வரும். '25 போதும் என்றார்களே, எங்கள் ஊரில் ஏன் சேரவில்லை' என்று பெற்றோர் கேட்பதற்கு விடை இந்த 1.6ல் இருக்கிறது. கலிபோர்னியா, மெய்ன் மாநிலங்கள் 2022லும் மினசோட்டா 2023லும் பற்றாக்குறையைத் தாங்களே ஏற்று எல்லோருக்கும் இலவசமாக்கின.

இங்கிலாந்தில் என் பிள்ளை சின்ன வகுப்பு. எல்லோருக்கும் இலவசம்தானே, நான் ஏன் விண்ணப்பிக்க வேண்டும்?

முதல் மூன்று வகுப்புக்கு 2014 முதல் எல்லோருக்கும் இலவசம் என்பது சரி. லண்டனில் 2023 முதல் ஆரம்பப் பள்ளி முழுதும் அப்படித்தான். ஆனால் குறைந்த வருமானக் குடும்பம் என்று பதிவான பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்குத் தனிக் கல்வி நிதி வருகிறது. 'சாப்பாடுதான் கிடைக்கிறதே' என்று பெற்றோர் பதியாமல் விட்டால், பள்ளி கூடுதல் ஆசிரியர் வைக்கும் பணத்தை இழக்கும். தகுதி இருந்தால் பதியுங்கள். நம்மூரிலிருந்து போனவர்கள் அதிகம் தவறவிடுவது இது.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அரசுக் காசில் ஏன் சோறு?

இந்தக் கேள்வியில் ஒரு மேயர் பதவியையே இழந்திருக்கிறார். தென்கொரியத் தலைநகர் சியோலில், வருமானத்தில் கீழ்ப் பாதிக்கு மட்டும் இலவசம் போதும் என்று மேயர் ஓ சே-ஹூன் 2011 ஆகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்பு வைத்தார். மூன்றில் ஒரு பங்கு மக்கள் வந்து வாக்களித்தால்தான் எண்ணுவார்கள். வந்தது 25.7 சதவீதம். பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர் பதவி விலகினார்.

பிரான்சில் நடு வழி ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே மேசையில் ஒரே உணவு உண்பார்கள். பில் மட்டும் வீட்டு வருமானத்துக்கு ஏற்ப வீட்டுக்குப் போகும். பாரிசில் மிகக் கீழ்ப்படி 13 சென்ட். யார் எவ்வளவு கட்டுகிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கூச்சம் தீர்ந்தது, படிவம் தீரவில்லை. வருமானப் பதிவு ஒழுங்காக உள்ள நாட்டுக்குத்தான் இது சரிப்படும்.

இந்தியாவில் ஒரு பிள்ளைக்குச் சட்டப்படி எவ்வளவு தர வேண்டும்?

2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை, பள்ளி விடுமுறை நீங்கலாக எல்லா நாளும் ஒரு வேளை. தமிழ்நாட்டில் மாநிலச் செலவில் பத்தாம் வகுப்பு வரை. இதற்கெல்லாம் அடி போட்டது, சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று போட்ட உத்தரவு. அதுவரை பல மாநிலங்கள் மாதாமாதம் தானியத்தை அளந்து கொடுத்துவிட்டு கையைத் துடைத்துக்கொண்டன.

சமைக்காத எடையில் அளவு இப்படி. ஆரம்ப வகுப்புக்கு (1–5) அரிசி அல்லது கோதுமை 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5. மொத்தம் 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைக்கு (6–8) 150, 30, 75, 7.5 கிராம்; 700 கலோரி, 20 கிராம் புரதம். உங்கள் பள்ளியில் ஆரம்ப வகுப்பில் 60 பேர் சாப்பிட்டால், அன்று சமையலறைக்குள் போக வேண்டியது அரிசி 6 கிலோ, பருப்பு 1 கிலோ 200 கிராம், காய் 3 கிலோ, எண்ணெய் 300 கிராம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த நான்கு எண்களைத்தான். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று சண்டை போடுவதைவிட, பருப்பு எடை போடும்போது பக்கத்தில் நிற்பது பலன் தரும்.

அந்தப் பணத்தில் இதைச் சமைக்க முடியுமா?

தானியம் இலவசமாக வந்துவிடும். பருப்பு, காய், எண்ணெய், மசாலா, விறகு அல்லது காஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2025 மே முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்கு 6.78 ரூபாய், நடுநிலைக்கு 10.17 ரூபாய். போட்டுப் பாருங்கள். பருப்பு கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் 20 கிராம் 3 ரூபாய். காய் கிலோ 40 என்றால் 50 கிராம் 2 ரூபாய். எண்ணெய் கிலோ 150 என்றால் 5 கிராம் 75 காசு. ஆகமொத்தம் 5.75. மிச்சம் 1.03 ரூபாயில் புளி, மிளகாய், உப்பு, காஸ். தக்காளி விலை ஏறும் மாதத்தில் முதலில் காணாமல் போவது காய். அடுத்தது பருப்பின் கெட்டி. முட்டை இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. முட்டை போடும் மாநிலங்கள் பெரும்பாலும் தங்கள் கஜானாவிலிருந்துதான் போடுகின்றன.

இன்னொரு மோசமான எண்: சமையல் செய்பவருக்கு மத்தியத் திட்டம் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதத்துக்கு. 2009ல் வைத்தது, அப்படியே நிற்கிறது. மேலே மாநிலங்கள் சேர்ப்பதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆள் கணக்கு: 25 பிள்ளைகள் வரை ஒருவர், 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் ஒருவர்.

முட்டை பற்றி ஏன் இவ்வளவு சர்ச்சை?

மேலே சொன்ன 12 கிராம் புரதத்தில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வருவது. அரிசிப் புரதத்தில், உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அதை ஓரளவு ஈடுகட்டும். ஒரு முட்டை தரமான 6 கிராம் புரதத்தைத் தருவதோடு, கலப்படம் செய்ய முடியாதது, தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாதது, எண்ணிப் பார்க்கக்கூடியது. தணிக்கைக்கு இதைவிட நல்ல பண்டம் கிடையாது. எதிர்ப்பு சத்து பற்றியதே இல்லை. 2021 இறுதியில் கர்நாடகத்தில் சில மாவட்டங்களில் முட்டை தொடங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தால் முடிந்தது. தமிழ்நாட்டில் அதுதான் வழக்கம். ஆனால் ஒரு வாழைப்பழத்தில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான் என்பதையும் தெரிந்துகொண்டு, அந்தப் பிள்ளைக்கு வீட்டில் சுண்டலோ பாலோ சேர்த்துக் கொடுங்கள்.

தலித் சமையலர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று ஊரில் சொன்னால்?

இது கட்டுக்கதை இல்லை. 2018ல் திருப்பூர் மாவட்டத்திலும் 2021ல் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் இப்படி எதிர்ப்பு எழுந்து செய்தியானது. 2023ல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கும் அதே கதை. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே சமையலரை வேறு பள்ளிக்கு மாற்றி 'சுமுகமாக' முடிப்பது தீர்வில்லை; அது எதிர்ப்பவருக்குக் கொடுக்கும் பரிசு, அடுத்த ஊருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். சாதி சொல்லி வேலையைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்காகக்கூடிய குற்றம். நடைமுறையில் வேலை செய்வது: வருவாய், காவல், கல்வி அதிகாரிகள் அன்றே பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுவது, கூடவே வழக்குப் பதிவது. ஒன்று மட்டும் செய்தால் போதாது. பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். அடம் பிடிப்பது பெரியவர்கள்.

சாப்பாட்டால் ஆபத்து வராமல் சமையலறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு ஜூலை 16கள் நினைவில் இருக்கட்டும். 2004ல் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரைச் சமையலறையில் பிடித்த தீ வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2013ல் பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமத்தில், மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த உணவால் 23 குழந்தைகள் இறந்தார்கள்.

அதனால் முதலில் கட்டடம்: சமையலறை வகுப்பறையோடு ஒட்டக்கூடாது, கீற்றுக் கூரை கூடாது, காஸ் உருளை வெளியே. அடுத்து பொருள்: எண்ணெயும் பருப்பும் மூடி முத்திரையிட்ட பொட்டலத்தில் மட்டும். வேறு எதுவோ இருந்த கேனில் எண்ணெய் ஊற்றி வைப்பது எந்தச் சூழலிலும் கூடாது. பூச்சிமருந்து, பிளீச்சிங் பவுடர், அரிசி ஒரே அறையில் இருக்கக்கூடாது.

பரிமாறுவதற்கு அரை மணி முன்பு ஆசிரியர் ஒருவரும் இன்னும் ஓரிரு பெரியவரும் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல பள்ளிகளில் கையெழுத்து மட்டும் மாதக் கடைசியில் மொத்தமாக விழும். ருசி பார்ப்பது வாடை, கசப்பு, வேகாதது, பூச்சிக்கொல்லி போன்ற வேகமான விஷம் ஆகியவற்றைப் பிடிக்கும். கிருமியைப் பிடிக்காது, கிருமி வேலை காட்டச் சில மணி நேரம் ஆகும். அதற்கு வேறு முறை வேண்டும். 1996ல் சகாய் நகரில் பள்ளி உணவால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்ற பிறகு ஜப்பான் இதில் மிகக் கறாராகிவிட்டது: உணவின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது வெந்திருக்க வேண்டும், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாற வேண்டும், ஒவ்வொரு மூலப்பொருளிலும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் 50 கிராம் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எது காரணம் என்று தேடுவதற்கு.

நம்மூரில் அடிக்கடி சறுக்கும் இடம், காலை 9 மணிக்கே வடித்து மூடி வைத்த சாதம். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் சோற்றில் ஒரு வகை பாக்டீரியா நஞ்சைச் சுரக்கும். அது மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி தொடங்கும். சாப்பாட்டு மணிக்கு ஒரு மணி நேரம் முன்பு உலையிலிருந்து இறங்கும்படி வேலையை அமைத்துக்கொள்வதே மருந்து.

'பல்லி விழுந்தது' என்ற செய்தி ஆண்டுதோறும் வரும். வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் குடலைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம், எனவே அந்த உணவைக் கொட்டத்தான் வேண்டும். பயத்திலேயே பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுப்பதும் நடக்கும். எல்லோரையும் மருத்துவமனைக்குக் காட்டிவிடுங்கள். நிரந்தரத் தீர்வு விளக்கவுரை இல்லை, அண்டாவுக்குப் பொருத்தமான மூடி.

கொதிக்கும் சாம்பார் அண்டாவைப் பிள்ளைகள் தூக்கக்கூடாது. ஜப்பானில் பிள்ளைகளே வெள்ளை அங்கி போட்டுப் பரிமாறுகிறார்களே என்றால், அங்கே வருவது ஒரு வகுப்புக்கான சிறு பாத்திரம், மூடியோடு.

ஒவ்வொரு பள்ளியிலும் சமைப்பது நல்லதா, ஒரே பெரிய சமையற்கூடமா?

நெருக்கமான நகரத்தில், இடமில்லாத பள்ளிகளுக்குப் பெரிய கூடம் வசதி. இயந்திரச் சுத்தம், ஒரே தரம், கணக்கு எளிது. அதற்குக் கொடுக்கும் விலை: விடியற்காலை சமைத்தது மதியம் வரும், ஒரு கோளாறு நடந்தால் பத்துப் பள்ளிக்கும் சேர்த்து நடக்கும், உள்ளூர் ருசி போய்விடும். நடத்தும் அமைப்பின் உணவு நெறியும் தட்டுக்கு வந்துவிடும். வெங்காயம், பூண்டு போடாத சாம்பார் கர்நாடகத்தில் பெரிய விவாதமானது அதனால்தான். கிராமத்தில் பள்ளியிலேயே சமைப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தாய் எட்டிப் பார்க்கக்கூடிய சமையலறையைவிட மலிவான தணிக்கை கிடையாது.

மதிய உணவே இருக்கும்போது காலை உணவு எதற்கு?

கூலி வேலைக்குப் போகும் தாய் ஆறு மணிக்குப் பேருந்து ஏறுகிறாள். பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து நண்பகல் வரை உட்கார வேண்டும். கணக்கும் மொழியும் நடப்பது அந்த நேரத்தில்தான். தமிழ்நாட்டின் காலை உணவில் அளவு: பிள்ளைக்கு 50 கிராம் ரவை, அரிசி, சேமியா அல்லது சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கிடைக்கும் காய். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாள் முறை. 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது, 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். சமைப்பது பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சிக்கல் நேரம்தான்: எட்டரைக்குள் பரிமாறாவிட்டால் முதல் பாடவேளை போய்விடும், மதியத்துக்குப் பசியும் இருக்காது.

அமெரிக்காவிலும் காலை உணவு அரசியலாகத்தான் வளர்ந்தது. 1969ல் ஓக்லாந்தில் ஒரு தேவாலயத்தில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சி பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தது. அரசின் காலை உணவுத் திட்டம் 1966லேயே சோதனையாக இருந்தாலும், நிரந்தரமானது 1975ல்.

சாப்பாட்டால் படிப்பு உயருமா, வருகை மட்டும்தானா?

இரண்டும். இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஐந்தாண்டு வரை மதிய உணவு கிடைத்த பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகக் கிடைத்தவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஸ்வீடனில் 1959க்கும் 1969க்கும் இடையே இலவச உணவு பரவியபோது படித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒன்பது ஆண்டும் சாப்பிட்டவர்களின் வாழ்நாள் வருமானம் 3 சதவீதம் அதிகம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் ஆசிரியர் வராத பள்ளியில் சோறு மட்டும் எழுத்தைக் கற்றுக்கொடுக்காது. தலைமையாசிரியரே காய் வாங்கி, கணக்கு எழுதி, காஸ் பதிவு செய்யும் மாநிலங்களில் சாப்பாடு பாட நேரத்தைத் தின்கிறது. தமிழ்நாட்டில் தனி அமைப்பாளர் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியும். மற்ற மாநில ஆசிரியரைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

உள்ளூர் விவசாயிக்கு இதில் பங்கு கிடைக்க வழி உண்டா?

பிரேசிலைப் பாருங்கள். 1955 முதல் திட்டம் இருக்கிறது. 2009 சட்டம், மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதம் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்க வேண்டும் என்றது. வழக்கமான ஏலம் இல்லை. விலையை முன்கூட்டி அறிவித்துவிட்டு யார் தருகிறீர்கள் என்று அழைப்பார்கள். தடுமாறும் இடம்: சின்ன விவசாயி ஆண்டு முழுக்க ஒரே காயைத் தர முடியாது, வண்டி இல்லை, பணம் தாமதமானால் தாங்கமாட்டார். கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில்தான் நன்றாக ஓடுகிறது. அங்கே இன்னொரு நல்ல பூட்டு: பெற்றோர், ஆசிரியர் அடங்கிய உணவுக் குழு செயல்படாவிட்டால் மத்திய அரசு பணத்தை நிறுத்திவிடும். நம் மேலாண்மைக் குழுவுக்கு அந்தப் பல் கிடையாது.

கானாவில் வேறு மாதிரிப் பாடம். சமையல் ஒப்பந்தக்காரப் பெண்கள் கைக்காசில் சமைத்துவிட்டு அரசுப் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிச் சமைப்பவர் முதலில் மீனைக் குறைப்பார்.

ஒரு நாள் சாப்பாடு போடவில்லை. என்ன செய்யலாம்?

2015 மதிய உணவு விதிகள்படி, அரிசியில்லை, காஸ் இல்லை, சமையலர் வரவில்லை என்று எந்தக் காரணத்தால் உணவு தராவிட்டாலும், அந்த நாளுக்கான தானியமும் சமையல் தொகையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள் அல்லது மாதத்தில் ஐந்து நாள் தடைப்பட்டால் மாநில அரசு பொறுப்பானவரைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது, அதனால் யாரும் தருவதுமில்லை.

தேதியையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் தலைமையாசிரியர், அமைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அப்புறமும் நடக்காவிட்டால், தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) என்றே ஓர் அதிகாரி இருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண்ணோடு போகும். தள்ளுமுள்ளு செய்து சமையலரைத் திட்டுவது வீண். கடைசிப் படியில் நிற்பவர் அவர். தாமதம் பெரும்பாலும் அவருக்கு மேலே நடந்தது.

வருகைப் பதிவில் 80, பந்தியில் 55. இது திருட்டா?

எப்போதும் இல்லை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருபவர் இருப்பார்கள். திருட்டு என்பது 80க்குப் பொருள் எடுத்து 55க்குச் சமைப்பது. அதைப் பிடிக்க ஒரே வழி, சாப்பிட்டவர் எண்ணிக்கை, எடுத்த அரிசி, மீதி இருப்பு மூன்றையும் ஒரே நாளில் ஒப்பிடுவது. மூட்டையை எண்ணாமல் பதிவேட்டை மட்டும் பார்த்தால் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும்.

பள்ளி மூடும் கோடை விடுமுறையில்?

உலகம் முழுக்க இதுதான் பெரிய ஓட்டை. வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடையிலும் உணவு தர இந்திய உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவிட்டது. வறட்சி அறிவிக்காத ஆண்டில் அது பொருந்தாது. இங்கிலாந்தில் 2020 கோடையில் கால்பந்து வீரர் மார்க்கஸ் ராஷ்போர்ட் பகிரங்கக் கடிதம் எழுதிய மறுநாளே அரசு பின்வாங்கி, வாரம் 15 பவுண்டு உணவுச் சீட்டைக் கோடைக்கும் நீட்டியது. அமெரிக்கா 2024 முதல் தகுதியுள்ள பிள்ளைக்குக் கோடை மூன்று மாதமும் மாதம் 40 டாலர் அட்டையில் போடுகிறது. ஆனால் நிர்வாகச் செலவில் பாதி மாநிலத்தின் தலையில் விழுவதால் சில மாநிலங்கள் சேர மறுத்துவிட்டன.

வீட்டிலிருந்தே டப்பா கொடுத்து அனுப்பினால் போதாதா?

நார்வே அப்படித்தான் செய்கிறது. பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டுகள், வீட்டிலிருந்து, பல தலைமுறைகளாக. வீடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு குறைவாக இருக்கும் வரை அது ஓடும். நெதர்லாந்திலும் டப்பாதான் வழக்கம். ஆனால் விலைவாசி ஏறி வெறும் டப்பாவோடு பிள்ளைகள் வர ஆரம்பித்ததும், 2023ல் ஏழைக் குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளிகளில் உணவுக்கு அரசு பணம் ஒதுக்கியது. கனடா தேசிய அளவிலான திட்டத்தை அறிவித்ததே 2024ல்தான், ஐந்தாண்டுக்கு 100 கோடி டாலர்.